ஆமையா, வான்கோழியா: என் மகனுக்கு நான் என்ன விடை சொல்வது?

கேள்வி: செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது 17. அறிவியல் பிரிவில் படிக்கும் அவன் இவ்வாண்டு இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறான். கூடுதல் கணிதத்தில் நான்காம் படிவத்திலிருந்தே அவனால் தேர்ச்சி பெற முடியவில்லை. ஆனால் விடுமுறை நாள்களில் தன் மாமாவின் வாகனப் பட்டறையில் நாள் முழுவதும் சோர்வின்றி வேலை செய்கிறான். தேர்வு முடிந்ததும் தொழிற்கல்வியில் சேர்ந்து அதையே முறையாகக் கற்க வேண்டும் என்கிறான். என் கணவருக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்தவுடன் நாளிதழில் வரும் சிறப்புத் தேர்ச்சி மாணவர்களின் படங்களை எடுத்து வைத்து மகனுக்குக் காட்டுபவர் அவர்.

சென்ற வாரம் அவர், "முயலை வென்ற ஆமையை மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். மகன் என் பக்கம் திரும்பி, "அம்மா, மயிலைப் பார்த்துச் சிறகு விரித்த வான்கோழியின் கதையையும் நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? ஆமை முயல வேண்டும், வான்கோழி முயலக் கூடாது என்றால், நான் இவற்றுள் எது என்பதை யார் முடிவு செய்வது?" என்றான். என்னால் விடை கூற இயலவில்லை. அவனைத் தூங்க வைக்க நான் சொன்ன கதைகளே இப்போது என்னிடம் கணக்குக் கேட்கின்றன.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

தங்கைக்கு வணக்கம். மூதுரையின் 14ஆம் பாடலைத் தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த வான்கோழிப் பாடலில் நாம் விரைந்து கடந்துவிடும் சொல் 'பாவித்து', அதாவது தன்னையும் மயிலாகவே எண்ணிக்கொண்டு, என்பது. கல்லாமலேயே கற்றவன்போல் கவி சொல்பவனுக்குத்தான் அங்கே வான்கோழி உவமையாகிறது; முயன்று கற்பவனை அந்தப் பாடல் எங்கும் பழிக்கவில்லை. இதை நான் வகுப்பில் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பதை இப்போது வருத்தத்துடன் எண்ணிப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வான்கோழிச் சேவல் தன் பெடையைக் கவர்வதற்காக வாலை விசிறிபோல் விரித்து, சிறகைத் தரையில் உரசியபடி நடக்கும். அது அதற்கே உரிய ஆட்டம். மயில் என்றொரு பறவை உலகில் இல்லாமற்போனாலும் வான்கோழி அப்படித்தான் ஆடும். அருகில் மயிலை நிறுத்திப் பார்த்த கண்ணுக்குத்தான் அது பொல்லாச் சிறகாகத் தெரிகிறது. ஆமையின் கதையும் இதற்கு மாறானதன்று. அது முயலைப்போல் துள்ள முற்படாமல் ஆமை நடையிலேயே நடந்து முடித்தது.

அதே நூலில் இரண்டு பாடல்கள் தள்ளி மடைத்தலையில் கொக்கு நிற்கிறது. ஓடுகின்ற சிறு மீன்களை விட்டுவிட்டுத் தனக்கு உற்ற மீன் வரும்வரை அது அசையாமல் காத்திருக்கிறது. பார்ப்பவர் அதைச் சோம்பல் என்று எண்ணக்கூடும். தங்கள் மகனிடம் நான் முதலில் பேச விரும்புவது இந்தக் கொக்கைப் பற்றித்தான்.

மறுமொழி 2: தோட்டத்தில் வளர்ந்தவள், கோலாலம்பூர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நான் மேற்படிப்புக்கு மனு செய்தபோது எங்கள் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) ஒருவர், "உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?" என்றார். அதைக் கேட்ட என் தாயார் அன்று இரவு உணவு உண்ணவில்லை. 'உன் இயல்பை ஏற்றுக்கொள்' என்பது ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது அமைதி தரும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொன்னால் அது வேலி. ஆகவே பட்டறையை விரும்புவது மகனின் கைகளா, அல்லது கணிதத்தில் ஏற்பட்ட தோல்வியின் சோர்வா என்பதை அவனிடம் பரிவோடு கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் துணையாக இருந்தது நாம் மலாய்ப் பாடத்தில் படித்த சாங் கஞ்சில் என்னும் சருகுமான்தான். ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள அந்தச் சிறு உயிர், புலியாக வேண்டும் என்று ஒருபோதும் விரும்பியதில்லை. ஆனால் அக்கரையில் பழம் இருக்கிறது என்று தெரிந்தால் அது இக்கரையில் நின்றுவிடுவதும் இல்லை. அரசர் சுலைமானின் ஆணை என்று சொல்லி முதலைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்துவிடுகிறது. தன் உடலின் சிறுமையை அது ஏற்றுக்கொண்டது. இக்கரையே தனக்கு விதித்த இடம் என்பதை மட்டும் ஏற்கவில்லை.

மறுமொழி 3: பொறியியலாளர், பினாங்கு

நான் தந்தையின் விருப்பத்துக்காகப் பொறியியல் படித்து, இங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வேலையில் எனக்குக் குறை இல்லை. இருந்தாலும் பஞ்சதந்திரத்தின் நீல நரியை நினைக்காத நாள் குறைவு. சாயத் தொட்டியில் விழுந்து அரசனான அந்த நரி, தன்னை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அஞ்சி மற்ற நரிகளைத் துரத்திவிடுகிறது. பின்னர் தொலைவில் அவை ஊளையிடக் கேட்டதும் தன்னை மறந்து தானும் ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. நான் துரத்தியது என் மிருதங்கத்தை. பல ஆண்டுகள் கழித்து ஒரு கோயில் திருவிழாவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கேட்டபோது, என் விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. அருகில் இருந்த என் தந்தை அதைப் பார்த்தார். நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மீண்டும் செந்தூல் வாசகி

மூவருக்கும் என் நன்றி. இவற்றை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். நீல நரியைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வரும் சனிக்கிழமை பட்டறைக்குத் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. சகோதரி கேட்கச் சொன்னதையும் மகனிடம் கேட்டேன். சோர்வும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். கூடுதல் கணிதத்தில் தேர்ச்சி பெறும் அளவுக்காவது படித்துவிட்டுத்தான் பட்டறையைப் பற்றி மீண்டும் பேசுவானாம்.

ஆசிரியர் ஐயாவிடம் அவன் ஒன்று கேட்கச் சொன்னான். உறுமீன் வராமலே பொழுது சாய்ந்துவிட்டால் கொக்கு என்ன செய்யும்?