பின்கியர் கேபிள் ஷிஃப்டருக்குள்ள பிஞ்சு நிக்குது: பிறேக் கேபிள் போடலாமா?

ஒட்டுசுட்டான்_சில்லு:
மவுண்டன் பைக். முன்னுக்கு 3, பின்னுக்கு 7, பெருவிரலால தள்ளுற ஷிஃப்டர். மாரி முடிஞ்ச பிறகு பின்கியர் பெரிய பல்லுக்கு ஏறுது, சின்னப் பல்லுக்கு இறங்கத்தான் பஞ்சிப்படுது. ஷிஃப்டர் வாய்க்குள்ள பார்த்தால் கேபிளில நாலைஞ்சு இழை அறுந்து சுருண்டு கிடக்கு. இஞ்ச கடையில பிறேக் கேபிள்தான் இருக்கு, "ரெண்டும் ஒண்டுதான்" எண்டு சொல்லினம். போடலாமா? உள்ளுக்க ஓடுற கம்பி, இன்னர், அதை மட்டும் மாத்தினால் காணுமா?

கிரவல்றோட்டு:
ரெண்டும் ஒண்டில்லை. கியர் இன்னர் 1.2 மி.மீ., பிறேக் இன்னர் 1.5 அல்லது 1.6. பிறேக் கேபிளின்ர தலை பெரிசு, ஷிஃப்டர் குழிக்குள்ள இருக்காது. இன்னருக்கு மேல இருக்கிற குழாய், அவுட்டர், அதிலதான் முக்கியமான வித்தியாசம். கியர் அவுட்டருக்குள்ள கம்பிகள் நீளப்பாட்டுக்கு ஓடும், அதால அமுங்காது. பிறேக் அவுட்டருக்குள்ள இருக்கிறது சுருள் கம்பி. அதைக் கியருக்குப் போட்டால் இழுக்கேக்க கொஞ்சம் அமுங்கும், ஹாண்டில் திருப்பேக்கயும் கியர் தானாத் தாவும். மறுவளமா, கியர் அவுட்டரைப் பிறேக்குக்கு ஒருநாளும் போடாதேங்கோ. பலமாப் பிடிக்கேக்க வெடிச்சுப் போகும்.

ஏறுது, இறங்குதில்லை எண்டால் அது உராய்வு. ஏத்துறது உங்கட விரல். இறக்கிறது செயினைப் பல்லுக்குப் பல்லு நகர்த்துற டீரெயிலரின்ர ஸ்பிறிங் மட்டும்தான், அவுட்டருக்குள்ள கறளும் செம்மண்ணும் இருந்தால் அதுக்கு வலுக் காணாது. ஆகவே அவுட்டரையும் சேர்த்து மாத்துங்கோ. 4 மி.மீ. கியர் அவுட்டர், முனை மூடிகள், 2 மீற்றர் ஸ்டெயின்லெஸ் இன்னர். உங்கட பக்கம் இல்லாட்டி வவுனியாவில கியர் சைக்கிள் விக்கிற கடையளில கேட்டுப் பாருங்கோ.

முறிகண்டி_அலன்கீ:
கழற்றும் முறை. முதலில் ஷிஃப்டரை 7இல், அதாவது ஆகச் சின்னப் பல்லில், விடுங்கள். வேறு இலக்கத்தில் நின்றால் கேபிளின் தலை துளைக்கு நேரே வராது. டீரெயிலர் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளின் நுனி மூடியை வெட்டுங்கள். ஷிஃப்டரில் சின்ன பிளாஸ்டிக் திருகு அல்லது ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் துளை தெரியும். சுருண்ட இழைகளோடு பின்னுக்குத் தள்ளினால் உள்ளே சிக்கும். பிய்ந்த இடத்துக்குக் கிட்ட வெட்டி, தலையைச் சாக்கு ஊசியால் குத்தி வெளியே எடுங்கள். ஒரு துண்டு இழை உள்ளே தங்கினாலும் பல் பிடிக்காது, ஊதிப் பாருங்கள். ஷிஃப்டரின் பெரிய மூடியைக் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிறிங் பறந்தால் வேலை நாலு மடங்கு.

பழைய அவுட்டர் துண்டுகளைப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்குப் புதியதை வெட்டுங்கள். சாதாரண பிளையர் முனையை நசுக்கிவிடும், கூரான கேபிள் கட்டர் வேண்டும். வெட்டிய முகத்தை அரத்தால் சமன் செய்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை ஊசியால் விரித்துவிட்டுத்தான் மூடி போட வேண்டும். டீரெயிலருக்குப் போகும் கடைசி வளைவைக் குறுக்காதீர்கள், அது இறுகினால் பழைய நோய் திரும்பும். கிறீஸ் வேண்டாம், நம்மூர்ப் புழுதிக்கு அது பசை.

கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பெரல் திருகை முழுதும் உள்ளே விட்டு, ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் இறுக்கமாகப் பிடித்து, வாஷருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வைத்து போல்ட்டை முறுக்குங்கள். பிறகு பிறேமில் வெளியே தெரியும் கேபிளைப் பக்கமாக நன்றாக இழுத்துவிடுங்கள். அவுட்டர் மூடிகள் தத்தம் இடத்தில் அமரும், கேபிள் தளரும். திரும்பக் கட்டி, 4 செ.மீ. வால் விட்டு வெட்டி நுனிமூடி போடுங்கள்.

டீரெயிலர் எவ்வளவு தூரம் நகரலாம் என்று எல்லை வைக்கும் H, L திருகுகளைத் தொடாதீர்கள். அவை கேபிளோடு சம்பந்தப்பட்டவை அல்ல.

ஒட்டுசுட்டான்_சில்லு:
நன்றி அண்ணை. சாமான் வாங்கி வரும்வரை ஓடலாமா? வழியில அறுந்தால்?

கிரவல்றோட்டு:
அறுந்தால் செயின் பின்னுக்குச் சின்னப் பல்லில போய் நிக்கும், உழக்கக் கஷ்டம். முன்னுக்குச் சின்னப் பல்லுக்கு விட்டு, H திருகை வலப்பக்கம் முறுக்கினால் ஒண்டு ரெண்டு பல்லு உள்ளுக்கு வரும். அலன்கீ கையில இருந்தால் இன்னும் நல்ல வழி: மிச்சக் கேபிளை இழுத்து, செயின் நடுப்பல்லுக்கு வந்ததும் போத்தல் தாங்கி போல்ட்டில சுத்தி இறுக்குங்கோ. வீடு வந்து H திருகை எத்தினை சுத்து முறுக்கினியளோ அத்தினை சுத்து திருப்புங்கோ, எண்ணி வையுங்கோ.

ஒட்டுசுட்டான்_சில்லு:
மாத்தியாச்சு. இறங்குறது இப்ப சுகம். ஆனால் பின்னுக்கு 3இலிருந்து பெரிய பல்லுப் பக்கம், 2க்கு, தயங்கித் தயங்கித்தான் ஏறுது.

முறிகண்டி_அலன்கீ:
கேபிள் கொஞ்சம் தளர்வு. பெரல் திருகை இடப்பக்கம் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, பெடல் சுற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராமல் ஒரு பல்லில் சரி, அடுத்ததில் பிழை என்று மாறி மாறி வந்தால் கேபிள் பள்ளத்தில் இல்லாமல் போல்ட்டின் மறுபக்கம் போயிருக்கும். அதுவும் சரியென்றால் பின்னாலிருந்து பாருங்கள்: டீரெயிலர் தொங்கும் துண்டு சில்லுப் பக்கம் சாய்ந்திருக்கலாம்.