ஸ்குவாஷ் கொடி திடீரென வாடியது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பரங்கிப்பூ:
என் ஸ்குவாஷ் (பூசணி இனக் கொடி) பாக்டீரியா வாடல் நோயில் போனது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இலை மட்டும் வெயிலில் தொய்ந்து, இரவில் நிமிர்ந்தது. மண்ணில் ஈரம் இருந்தது. பிறகு கொடியே பச்சை மங்கித் தொங்கியது. அடித்தண்டைக் குறுக்கே அறுத்து, இரு முனைகளையும் ஒட்டவைத்துச் சற்று அழுத்திப் பிடித்தேன். மெல்லப் பிரித்தால் நடுவில் பளபளவென்று ஒரு நூல், அந்த நோயின் அடையாளம்! விரற்கடை தூரம் இழுபட்ட பிறகுதான் அறுந்தது. இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.

வேலியோரம்:
நூல் வந்தால் சரி. வராவிட்டால்? வெள்ளரியிலும் முலாம்பழத்திலும் வருவதுபோல ஸ்குவாஷில் அது எப்போதும் தெளிவாக வராது. என் கொடியும் இப்படித்தான் சாய்ந்தது. வேரோரம் மரத்தூள் போன்ற ஈரக் கழிவு தெரிந்ததால் தண்டை நெடுக்காகக் கீறினேன். உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு, பழுப்புத் தலையோடு. தண்டுத் துளைப்பான்! வாடியதையெல்லாம் பாக்டீரியா என்று பிடுங்கி எறிகிறவர்கள் முதலில் தண்டின் அடியைப் பார்க்கட்டும்.

மண்வெட்டி:
துளைப்பான், பாக்டீரியா இரண்டும் ஒரே பாத்தியில் வரும், வேலியோரம். காலையில் பூவைப் பிரித்தபோது உள்ளே மஞ்சள் வண்டுகள் அடைந்து கிடந்தன, முதுகில் மூன்று கறுப்புக் கோடுகளோடு. ஒன்றைப் புரட்டினேன், அடிவயிறு கறுப்பு. இந்த வாடல் நோயைப் பரப்பும் வெள்ளரி வண்டுதான். மஞ்சளாக இருந்திருந்தால் மக்காச்சோள வேர்ப்புழுவின் வண்டு, அதை விட்டுவிடலாம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தக்காளி, கத்தரியைத் தாக்கும் ரால்ஸ்டோனியா என்ற வேறொரு வாடல் பாக்டீரியாவோடு இதைக் குழப்பிக்கொண்டு மண்ணை மாற்றாதீர்கள். அது மண்ணில் தங்குவது. எர்வினியா டிரேக்கிபைலா என்ற இந்தப் பாக்டீரியா வண்டின் குடலில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வண்டு கடித்த காயத்தில் அதன் எச்சம் படும்போது உள்ளே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. விதை வழியாகப் பரவாது. தாமிர மருந்து தெளிப்பது வீண். குழாய்க்குள் இருப்பதை இலைமேல் தெளித்து என்ன செய்ய? நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் வண்டு அதைத் தின்றுவிட்டு அடுத்த செடிக்குப் போகும். நாற்று நட்ட அன்றே மெல்லிய துணியால் மூடி, ஓரங்களை மண்ணால் அணையுங்கள். பெண் பூ வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேனீ நுழையாமல் காய் பிடிக்காது. இடம் இருந்தால் வயலைச் சுற்றி நீல ஹப்பர்ட் என்ற ஸ்குவாஷ் ரகத்தை நடுங்கள். வண்டுகள் முதலில் அதில்தான் இறங்கும், அங்கேயே ஒழித்துவிடலாம்.

பரங்கிப்பூ:
அடுத்த பருவத்துக்கு நன்றி ஐயா. கொடியை அன்றே பிடுங்கிவிட்டேன். இப்போது பக்கத்துப் பாத்தியில் தர்பூசணியும் முலாம்பழமும் நிற்கின்றனவே, அதைச் சொல்லுங்கள்.

வேலியோரம்:
தர்பூசணிக்கு இந்த நோய் அபூர்வம். முலாம்பழத்தின் இலைகளைப் புரட்டிப் பாருங்கள், இன்றைக்கே.