சப்ஸ்ட்ரேட்: தளப்பொருளா, பற்றுபொருளா?

அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக, பச்சை இலை எப்படிக் கறுத்த டீத்தூள் ஆகிறது என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நொதி' (என்சைம், உயிர்களில் வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) வரைக்கும் தடங்கலில்லை. நொதி எதன்மேல் வேலை செய்கிறதோ அந்தப் பொருளுக்குப் பெயரான சப்ஸ்ட்ரேட்டில் மாட்டிக்கொண்டேன். பாடநூலில் பழகிய 'தளப்பொருள்' என்றே எழுதிப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் காட்டினேன். "தரையில பரப்பி வச்சிருக்கிற தூளைச் சொல்றீங்களா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஃபேக்டரிகளில் அரைத்த இலையைத் தளத்தில் பரப்பித்தானே பல காலம் கறுக்க வைத்தார்கள்!

நடப்பது இதுதான். கொழுந்தின் செல்லுக்குள் கேட்டக்கின் (துவர்ப்புத் தரும் பொருள்; இங்கே சப்ஸ்ட்ரேட் இதுதான்) ஓர் அறையில், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையில். நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினில் இலை நசுங்கியதும் இரண்டும் கலந்துவிடும். நொதியில் ஒரு குழிவு, அதில் செம்பு அணுக்கள். கேட்டக்கின் அங்கே சிக்கி, காற்றின் ஆக்சிஜனோடு வினைபட்டு வேறாகி வெளியே வருகிறது. குழிவு அடுத்ததற்குக் காலி. அப்படி வந்தவை தமக்குள் சேர்ந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் ஆகின்றன. டீயின் நிறம் அவற்றால்தான். டிரையர் சூட்டில் நொதியின் மடிப்பு குலைந்ததும் குழிவு போச்சு, வேலையும் நின்றது. (இதற்கு 'நொதித்தல்' என்று பெயர்! ஈஸ்ட்டும் இல்லை, பாக்டீரியாவும் தேவையில்லை. அந்தச் சண்டை இன்னொரு நாள்.)

ஆக, பொருள் எதன்மேலும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை; நொதி அதைப் பற்றுகிறது. அதனால் 'பற்றுபொருள்', அந்தக் குழிவு 'பற்றிடம்'. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: பற்றிய, பற்றுகின்ற, பற்றும் பொருள். என்ன சொல்கிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து

*

கோத்தகிரி நண்பருக்கு,

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய வேதியியல் வாத்தியாருக்கு ஓர் உறுத்தல். இறுகப் பற்றிவிட்டால் வேகம் கூடிவிடுமா? வந்த பொருளை வந்தபடியே இறுக்கிப் பிடித்தால் அது பள்ளத்தில் விழுந்த மாதிரி. வினை நடக்க ஏறவேண்டிய ஆற்றல் மேடு இன்னும் உயரும். நொதி அதிகம் இறுக்குவது, மேட்டின் உச்சியில் பாதி மாறி நிற்கும் நிலையை. 1946இலேயே வேதியியலாளர் லைனஸ் பாலிங் சொன்னது இது. அதனால்தான் மேடு தணிகிறது. புறப்படும் ஊரும் (வந்த பொருள்) சேரும் ஊரும் (மாறிய பொருள்) இருந்த உயரத்திலேயே இருக்கும். மேட்டுப்பாளையமும் ஊட்டியும் இடம் மாறுவதில்லை, நடுவில் ஏற்றம்தான் குறையும்.

மற்றபடி, எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டும் சாவியும் (நொதி பூட்டு, பொருள் சாவி) உங்கள் சொல்லுக்குப் பொருந்தாது, சாவியைப் பூட்டு பற்றுவதில்லை. 1958இல் கோஷ்லாண்ட் சொன்னதற்குப் பொருந்தும்: பொருள் வந்ததும் நொதியே வளைந்துகொடுத்து மூடுகிறது.

அப்புறம், கணக்கெழுதுகிறவர்கள் 'பற்று' என்றால் பற்று வரவுக்குப் போய்விடுவார்கள்.

குன்னூரிலிருந்து

*

ஐயா,

மேடு விஷயம் சரி, கையேட்டில் சேர்த்துவிட்டேன். ஆனால் பற்றுவது என்றால் விடாமல் இறுக்குவது மட்டுமா? கொழுந்து கிள்ளுகிற விரலும் பற்றித்தான் கிள்ளுகிறது. பிடித்த பிடியிலேயே காம்பு வளைந்து ஒடியப் பார்க்கிறது. நீங்கள் சொல்லும் உச்சி அதுதானே?

பற்று வரவுக் குழப்பம் 'ப்' போட்டால்தான் வரும். நம்முடையது வினைத்தொகை, ஒற்று மிகாது. இதைச் சொல்லித்தான் அச்சுக்குக் கொடுத்தேன். நேற்று மெய்ப்பு வந்தது. மூன்று இடத்தில் 'பற்றுப்பொருள்'.