கியூவை அடுத்து யூ வராத ஆங்கிலச் சொல் உண்டா?

சொல்லாடி:
‘ஆங்கிலத்தில் கியூ வந்தால் அதன் பின்னால் யூ வந்தே தீரும், விலக்கு என்பதே கிடையாது’ என்று பழைய வாத்தியார் நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். கியூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளில், சீனர் கூறும் உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ என்ற சொல் இருப்பதை அவர் அறியமாட்டார் போலும். எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டத்தின் வட அமெரிக்கப் போட்டிகளில் 2006 முதல் அது செல்லுபடியாகும் சொல்.

பழைய வாத்தியார்:
அந்தச் சொல்லைக் கண்டால் எனக்கும் அதே ஒலிதான் வாயில் வருகிறது. அது சீனச் சொல். திண்ணையில் படுத்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட மாட்டார். மேலும், ஸ்க்ராபிள் இலக்கண நூலன்று. நூறு காய்களில் யூ நான்குதான் என்பதால், பத்துப் புள்ளி பெறும் ஒற்றைக் கியூவைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்குக் கிடைத்த ஊன்றுகோல் அது.

சொல்லாடி:
திண்ணைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம், ஐயா. அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ என்ற எழுத்துகளோடுதான் தொடங்கியது. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்களே அங்கே கியூவையும் யூவையும் கொண்டுவந்து வைத்தார்கள். தாங்கள் கட்டிக்காக்கும் விதியே விருந்தாளியாக வந்ததுதான் என்னும்போது, ‘சீ’யை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

கரையோரன்:
இருவரும் சீனாவை விட்டு வெளியே வாருங்கள். மன அமைதிக்கான மருந்தின் நீண்ட ஆங்கிலப் பெயரைப் பேச்சில் வெட்டிச் சுருக்கிய ‘டிராங்க்’ கியூவில்தான் முடிகிறது. அது ஆங்கிலத்திலேயே பிறந்த சொல்.

பழைய வாத்தியார்:
வெட்டிய இடத்தில் யூ தரையில் கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

சொல்லாடி:
நண்பர் கரையோரன் உதவுவதாக எண்ணிக்கொண்டு பேச்சைத் திருப்ப வேண்டாம். கேள்வி ‘சீ’யைப் பற்றியது. சென்ற மாதம், தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்ற சொல்லில் ஒலிக்காத எஸ், தொடக்கம் முதலே இலத்தீனிலிருந்து வந்தது என்று இதே வாத்தியார் இதே குரலில்தான் சாதித்தார். பழைய ஆங்கில வடிவத்தில் அந்த எழுத்தே இல்லை என்பதையும், ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்துப் பிற்காலத்தில் செருகப்பட்டது என்பதையும் நான் எடுத்துக்காட்டிய பிறகு மூன்று நாள் ஆளைக் காணவில்லை.

பழைய வாத்தியார்:
அந்த மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல்.

கரையோரன்:
‘நிகாப்’ கூட ஆங்கிலத்தில் கியூவோடு எழுதப்படுகிறது, யூ இல்லை. அதையாவது பேசலாமே?

பழைய வாத்தியார்:
அரபு விருந்தாளி. அடுத்தவர் வரலாம்.

சொல்லாடி:
நிகாப் இருக்கட்டும். ஆங்கில அகராதியில் அச்சாகியிருக்கும் ‘சீ’ ஆங்கிலச் சொல்லா, இல்லையா? நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

பழைய வாத்தியார்:
இரண்டாவது முறைதான். தங்களுக்கு எழுத்தைப் போலவே எண்ணும் தகராறு.