அப்பாவை ஹோமுக்கு மாத்தினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (காட்பாடி, வேலூர் பக்கம்)

காட்பாடி மகள்:

என் அப்பாவுக்கு 82 வயசு. ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டையர் ஆனவர். கழிஞ்சூர்ல சொந்த வீடு. அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. நான் அம்பத்தூர்ல, தம்பி ஓசூர்ல. சமையலுக்கு ஒரு அம்மா காலையில வந்துட்டுப் போவாங்க, மத்தபடி அவர் தனி ஆள்தான்.

போன ஆடியில பாத்ரூம்ல விழுந்தார். எலும்பு முறியல, நெத்தியில அஞ்சு தையல். ஆனா விழுந்தது ராத்திரி பத்து மணிக்கு, சமையல்காரம்மா கதவைத் தட்டினது காலை ஆறரைக்கு. அதுவரைக்கும் ஈரத் தரையில கிடந்திருக்கார். கேட்டா, "ராத்திரி நேரத்துல யாரையும் எழுப்ப வேணாம்னு பார்த்தேன்"னு சொல்றார். எழுப்ப அந்த வீட்ல யார் இருந்தா?

அதுக்கப்புறம்தான் ஹோம் பேச்சு. அணைக்கட்டு ரோட்டுப் பக்கம் ஒரு இடம் பிடிச்சோம். முதியோர் இல்லம்னு சொன்னா சொந்தக்காரங்க வாய்ல விழணுமேன்னு "அசிஸ்டெட் லிவிங்"னு சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா விடல. "பேரை மாத்திட்டா பெத்தவன அனுப்புறது இல்லன்னு ஆயிடுமா?" பதில் சொல்ல முடியல. அப்பாவே முடிச்சு வெச்சார்: "விடுடா, நான் பாக்காத ட்ரான்ஸ்ஃபரா."

சேர்த்த அன்னிக்கு அங்க இருக்கிற சிஸ்டர், சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் மேசை மேல கொட்டச் சொன்னாங்க. ஒரு செருப்பு டப்பா நிறைய இருந்தது. அதுல ரெண்டு அட்டை, ஒண்ணு நீலம், ஒண்ணு சிவப்பு. கம்பெனிப் பேர் வேற வேற. பின்னாடி பொடி எழுத்துல மருந்துப் பேர் ரெண்டுலயும் ஒண்ணுதான், அம்லோடிபின்னு பிரஷர் மாத்திரை. ஒரு டாக்டர் குடுத்தது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. அப்பா ரெண்டையும் ஒழுங்கா, பக்தியா முழுங்கிட்டு வந்திருக்கார். படுக்க வெச்சு பிரஷர் பார்த்தாங்க, மேல் நம்பர் 138. எழுந்து நிக்க வெச்சு ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா 110. எழுந்து நின்னதும் 20 குறைஞ்சாலே தலை சுத்தி விழற ஆபத்து இருக்காம். டாக்டர் ஒண்ணை நிறுத்திட்டார். பாத்ரூம் டைல்ஸை நாங்க மூணு மாசமா திட்டிட்டு இருந்தோம், பாவம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சாப்பாடு பரவாயில்ல, தூக்கம் பரவாயில்ல. ஆனா காலை மாத்திரையை மட்டும் ஒழுங்கா போட மாட்டேங்கறார். டப்பாவுல போட்டு வெச்சாலும் அப்படியே இருக்கு. சிஸ்டர் கையில குடுத்தா "அப்புறம்"ங்கறார். ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்கு உறைச்சது. கழிஞ்சூர் வீட்ல அவர் மணி பார்த்து எதையும் செஞ்சதில்ல. சென்னையில இருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ரயில் காட்பாடிக்கு வர்ற சத்தம் கேட்டா மாத்திரை. இங்க எந்த வண்டிச் சத்தமும் எட்டாது. பெரிய சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினேன். அதைப் பார்த்துட்டு, "இது நேரம்மா. வண்டி இல்லையே"ன்னார்.

இந்த மாதிரி யாராவது சமாளிச்சிருக்கீங்களா?

குடியாத்தம்காரன்:

நான் செஞ்ச தப்பைச் சொல்றேன், வேற யாரும் செய்யாதீங்க. கண்ணு காட்ட வேலூர் போலாம்னு பொய் சொல்லித்தான் எங்க ஆயாவைக் கூட்டிப் போனோம். ரூம்ல பையை வெச்சதும் புரிஞ்சுக்கிச்சு. "கண்ணு காட்டறதுக்கு எதுக்குடா நாலு பொடவ?" அந்த ஒரு கேள்விதான். அப்புறம் இருபது நாள் என்கிட்ட பேச்சில்ல.

சாப்பாடும் குறைஞ்சுது. 46 கிலோ இருந்தது ரெண்டு மாசத்துல 41. தைராய்டு பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம், வயித்துக்கு ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்ல. கடைசியில கண்டுபிடிச்சது அங்க சமைக்கிற அக்கா. சின்ன வயசுல இருந்து மதியம் கேழ்வரகு களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்ட வாய்க்கு தினம் சாம்பார் சாதமும் பொரியலும் வெச்சா எப்படி இறங்கும்? கீழ்வரிசைப் பல்லும் கிடையாது. களின்னா மெல்ல வேணாம், உருட்டி முழுங்கிடலாம். இப்ப வாரத்துல நாலு நாள் தனியா கொஞ்சம் கிண்டிக் குடுக்கறாங்க. எடை 44 வந்திருக்கு.

பேச்சும் வந்திடுச்சு. ஆனா இன்னிக்கும் நான் போய் நின்னா முதல் வார்த்தை, "இன்னாடா, கண்ணு காட்ட வந்தியா?"

வாலாஜா சிஸ்டர்:

காட்பாடி அக்கா, நான் 11 வருஷமா ஹோம்ல நர்ஸா இருக்கேன். மாத்திரை டப்பாவைக் கொட்டச் சொன்ன சிஸ்டருக்கு என் சார்பா ஒரு காபி வாங்கிக் குடுங்க. வர்றவங்கள்ல பாதிப் பேர் பையில இந்த ரெட்டை மாத்திரை கூத்து இருக்கும். அட்டையோட முன்பக்கப் பேரைப் பார்க்கவே பார்க்காதீங்க, மருந்துப் பேரைப் பாருங்க.

புதுசா வர்றவங்களோட நான் படற பாடு வேற மாதிரி. பல் செட்டை டிஷ்யூல சுத்தி சாப்பாட்டுத் தட்டுல வெச்சிடுவாங்க, தட்டோட குப்பைக்குப் போயிடும். இந்த வருஷம் மட்டும் மூணு செட் குப்பைக் கூடையில கை விட்டுத் தேடியிருக்கேன், ரெண்டு கிடைச்சுது. மூடி போட்ட டப்பா ஒண்ணு, அது மேல பெரிய எழுத்துல பேர், இவ்வளவுதான் வேணும். காது மெஷினுக்கும் அப்படித்தான். மெஷின் பேட்டரி தீர்ந்ததை யாரும் கவனிக்காம, "தாத்தா வந்ததுல இருந்து யார்கிட்டயும் பேச மாட்டேங்கறார், மனசு உடைஞ்சுட்டார்"னு சொன்ன குடும்பம் உண்டு.

ரொம்ப பயப்பட வேண்டியது தண்ணிக்கும் உப்புக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு மடக்கு குடிக்க மாட்டாங்க, ராத்திரி எழுந்திரிக்கணுமேன்னு. வயசானா தாகமும் சரியா எடுக்காது. நம்ம ஊர் அக்னி நட்சத்திரம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். போன மே மாசம் ஒரு பாட்டி, நல்லா பேசிட்டு இருந்தவங்க, திடீர்னு சொந்தப் பேத்தியைப் பார்த்து "நீ எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க பால்காரனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. மகன் வந்து, "ஹோம்ல விட்டதால புத்தி பேதலிச்சுடுச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதார். ரத்தத்துல சோடியம், அதான் உப்புச் சத்து, பார்த்தா 118. 135க்கு மேல இருக்க வேண்டியது. பிரஷருக்குக் குடுத்த நீர் மாத்திரை, நாலு நாளா சரியா சாப்பிடாதது, அதுவும் உப்பில்லாத கஞ்சி, எல்லாம் சேர்ந்துக்கிச்சு. சோடியத்தை மடமடன்னு ஏத்தக் கூடாது, மூளைக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில வெச்சு மெதுவா ஏத்தினாங்க. ஆறாம் நாள் திரும்பி வந்து என்னைப் பார்த்ததும், "ஏம்மா, பால்காரனுக்கு பாக்கி எவ்ளோ?"ன்னாங்க. அது ஞாபகத்துலயா, கிண்டலான்னு எனக்கு இன்னும் தெரியல.

மறதி நோய் ஒரே ராத்திரியில வராதுங்க. ஒரே நாள்ல ஆள் மாறிட்டா உடம்புல எதோ கோளாறுன்னு அர்த்தம். மூத்திரத் தொற்று, சர்க்கரை இறங்கறது, நாலஞ்சு நாள் மலம் கட்டிக்கறது, புதுசா சேர்த்த தூக்க மாத்திரை, எதுவா வேணா இருக்கலாம். "வயசாச்சு, அப்படித்தான்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ரத்தம் எடுக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஊசி. ஃப்ளூவுக்கு வருஷா வருஷம், நிமோனியாவுக்கு டாக்டர் சொல்றபடி. ஒரே ஹால்ல முப்பது பேர் உக்காந்து சாப்பிடற இடம், ஒருத்தர் இருமினா போதும்.

ஆரணி மருமகள்:

எல்லாரும் ஹோமை நல்லதாவே சொல்றீங்க, என்னோடதையும் கேளுங்க. எங்க அத்தையைச் சேர்த்த இடத்தோட பேர் வேணாம். மாசம் 24,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். சேர்க்கும்போது "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்". நாலாம் மாசம் அத்தைக்கு வலது பக்கம் வாதம் வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டுப் போறோம், வாசல்லயே, "இது நடமாடுறவங்களுக்கு மட்டும்தான்"னு பத்திரத்தைக் காட்டினாங்க. ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. கையெழுத்து என் வீட்டுக்காரரோடது. அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஊருக்கெல்லாம் பாண்டு படிச்சுக் காட்டுறவர்.

அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்தது. அதனால பார்க்கப் போனீங்கன்னா ஹால்ல இருக்கிற மீன் தொட்டியைப் பார்த்து மயங்காதீங்க. ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருக்காங்க, ஆஸ்பத்திரிக்குப் போனா கூட யார் உக்காருவாங்க, டயப்பர் யார் செலவு, படுத்துட்டா என்ன பண்ணுவீங்க, இதைக் கேளுங்க. பதிலை எழுதியும் வாங்கிக்குங்க.

இப்ப அத்தை எங்க வீட்லதான். பின் ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட், ரெண்டு பக்கமும் கைப்பிடி, வாசப்படியை இடிச்சுட்டு சாய்வு மேடை. அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வந்துடுது, பிசியோதெரபிக்கும் ஆள் வர்றாங்க. என் முதுகுதான் போச்சு, அதை மறைச்சுச் சொன்னா பொய். ஒருத்தர் தனியா இதைப் பண்ண முடியாது. என் நாத்தனார் மாசம் பத்து நாள் வந்து இருக்கறதாலதான் வண்டி ஓடுது.

ரிட்டையர்டு குமாஸ்தா:

சுருக்கமாக. உயிர் வாழ் சான்றிதழை மறந்துவிடாதீர்கள். ரயில்வே ஓய்வூதியர்கள் நவம்பரில் தர வேண்டும். 80 முடிந்தவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். கைரேகை தேய்ந்துபோயிருந்தால் முகத்தைக் காட்டியே செல்போனில் முடித்துவிடலாம். தபால்காரர் இருக்கும் இடத்துக்கே வந்தும் செய்து தருவார்.

வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஹோமுக்குப் போகிறவர்கள், "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற வாசகத்தைத் தானப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2007ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. பராமரிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வாசகம் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்தேன். முதியோர் உதவி எண் 14567.

கோட்டை வாத்தியார்:

எங்களைப் பத்திப் பேசறீங்க, எங்கள்ல ஒருத்தரும் வாயைத் திறக்கலையே. எனக்கு 78. நானே பார்த்து, நானே பணம் கட்டி, நானே ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தவன். பையன்கள் ரெண்டு பேருக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னேன்.

சேரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். என் சாப்பாட்டை ரூமுக்குக் கொண்டு வரக் கூடாது. மேனேஜர் விழித்தார். எல்லாரும் ரூமுக்கு வேண்டும் என்று கேட்பார்களாம். டைனிங் ஹால் என் ரூமிலிருந்து 90 அடி. போய் வர, மூன்று வேளைக்கும் கணக்குப் போடுங்கள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தேன், அதுக்கே தொடை துணி மாதிரி ஆகிவிட்டது. இப்போது கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது காலையில் பத்து, மாலையில் பத்து. பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்தது. முதல் நாள் மூன்றுக்கு மேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி மட்டும் கஷ்டம். பார்க்க வந்தவர்கள் கிளம்புகிற நேரம். கேட் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு நான் கண் தெரியாத நாலு பேருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். அரசியல் செய்தியில் சண்டை வந்துவிடும், நாலு மணி தாண்டிவிடும்.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. வேலூர்க் கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரரே கோட்டையை விட்டுவிட்டு எத்தனையோ காலம் சத்துவாச்சாரியில் இருந்தவர்தான். 1981இல் அவரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். இடம் மாறினதால் அவரை யாரும் குறைவாகப் பேசவில்லை.

காட்பாடி மகள், உங்கள் அப்பாவுக்கு மாத்திரை மறக்கவில்லை. வண்டி வரவில்லை என்று காத்திருக்கிறார். வண்டியை வரவழையுங்கள்.

காட்பாடி மகள்:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். எல்லாருக்கும் நன்றி. ஆரணி அக்கா, உங்களுக்குப் பயந்து பத்திரத்தை எடுத்துப் படிச்சேன். எங்களதுல அந்த நிபந்தனை இல்ல, ஆனா ஆஸ்பத்திரியில கூட உக்கார ஆள் தனிக் காசு.

வாத்தியார் ஐயா சொன்னபடியே பண்ணோம். ஹோம்ல வேலை பாக்கற ஒடுகத்தூர்ப் பையன் ஒருத்தன், போன்ல ரயில் எங்க வருதுன்னு பாக்கற ஆப் வெச்சிருக்கான். காலையில டிபன் ஆனதும் அப்பா பக்கத்துல உக்காந்துக்கறான். "தாத்தா, வாலாஜா ரோடு தாண்டிடுச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "திருவலம் தாண்டிடுச்சு." அப்ப அப்பா எழுந்து போய் டம்ளர்ல தண்ணி பிடிச்சு வெச்சுக்கறார். "காட்பாடி வந்துடுச்சு தாத்தா"ன்னதும் மாத்திரை உள்ள போயிடும். பதிமூணு நாள்ல ஒரு நாள்கூட விடல.

நேத்து வண்டி 40 நிமிஷம் லேட். மாத்திரையும் 40 நிமிஷம் லேட். சிஸ்டர் எனக்கு போன் பண்ணி, "அக்கா, ரிஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் என்ன எழுத?"ன்னு கேக்கறாங்க.