கம்பஸ் போம் (பல்கலைக்கழக விண்ணப்பம்) எந்த ஓடர்ல போடுறது?

கோண்டாவில் சித்தி: ஆராவது இருக்கிறியளோ, பிள்ளைக்கு கம்பஸ் போம் ஒன்லைன்ல போடோணும், அவள் சிவில் எஞ்சினியரிங்தான் வேணும் எண்டு நிக்கிறாள், நானும் தேடுறன் சிவில் எண்டு ஒண்டையும் காணேல்லை

இணுவில் மாமா: மொறட்டுவ, பேராதனை கம்பஸ் ரெண்டையும் மேல போட்டுவிடு. மிச்சத்தை போன வருச கட் ஓஃப் (எடுபட்ட ஆகக் குறைஞ்ச ஸ்கோர்) பாத்து அடுக்கினாச் சரி

காலி அண்ணா: அப்பிடிப் போடாதேங்கோ மாமா. சித்தி, சிவில் எண்டு தனியா இராது, எஞ்சினியரிங் எண்டுதான் இருக்கும், எந்தக் கம்பஸ் எண்டதைத்தான் இப்ப தெரிவு செய்யிறது. உள்ள போனா தொடக்கத்தில எல்லாருக்கும் பொதுவான பாடங்கள், மற்ஸ், மெக்கானிக்ஸ், ட்ரோயிங், புரோகிராமிங் எண்டு போகும், அந்த றிசல்ட்டையும் விருப்பத்தையும் பாத்துத்தான் பிறகு சிவில், எலெக்ட்ரிக்கல் எண்டு பிரிப்பினம்

தங்கச்சி (சித்தியின்ர மகள்): அப்ப இசட் ஸ்கோர் (ஏ/எல், அதுதான் உயர்தரச் சோதனைப் புள்ளியை ஒப்பிட்டுத் தாற கணக்கு) காணுமெண்டாலும் சிவில் நிச்சயமில்லையோ அண்ணா 😟

காலி அண்ணா: இசட் ஸ்கோர் உள்ள விடுறதுக்கு மட்டும்தான். முதல் செமஸ்டர்ல இருந்தே படிக்கோணும், கனபேர் ஏ/எல் முடிஞ்ச களைப்பில அதைத்தான் விட்டிடுறவை

காலி அண்ணா: மற்றது ஓடர். உனக்கு எது முதல் வேணுமோ அதை முதல் போடு. மேல இருந்து பாத்துக்கொண்டு வருவினம், எதுக்கு உன்ர ஸ்கோர் காணுதோ அதைத் தருவினம், அதுக்குக் கீழ நீ போட்டது கணக்கில்லை. கட் ஓஃப் மாவட்டத்துக்கு மாவட்டம் வேற, இடங்களில 40 வீதம் முழு நாட்டுக்கும் மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கொழும்புப் பெடியன்ர ஸ்கோரைப் பாத்து நீ பயப்பிடாத

தங்கச்சி: எனக்கு தண்ணிப் பக்கம்தான் போக விருப்பம். எங்கட யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல்லு, தோட்டத்து உரமும் மலகூடக் குழித் தண்ணியும் நேர கீழ இறங்குது, கிணத்தில நைத்திரேற்று கூடுது, அதுக்கு ஏதாவது செய்யோணும்

காலி அண்ணா: நல்ல விருப்பம்டா. ருகுணு கம்பஸில, காலி ஹாப்புகலையில, டிப்பாட்மென்ற்ற பேரே சிவிலும் என்வைரன்மென்ரலும் சேந்ததுதான். ஆனா மற்ற கம்பஸ் சிவில்லயும் குடிதண்ணி, கழிவுநீர், நீரியல் எல்லாம் படிப்பிக்கினம், பேரை மட்டும் பாத்து முடிவெடுக்காத

கோண்டாவில் சித்தி: காலி கனதூரம் தம்பி. கிளிநொச்சியில இருக்குதானே

காலி அண்ணா: ஓம் சித்தி, அறிவியல் நகர்ல யாழ் கம்பஸின்ர எஞ்சினியரிங், சிவிலும் இருக்கு. டெக்னாலஜி ஃபக்கல்டியும் அங்கதான், அது ஏ/எல்ல டெக்னாலஜி பிரிவு படிச்ச பிள்ளையளுக்கு, வேற கோர்ஸ், போம்ல ரெண்டையும் மாத்திப் போட்டிடாதேங்கோ. எங்க போனாலும் 4 வருசம், இங்கிலீஷ்லதான்

இணுவில் மாமா: எங்கட கிணத்துத் தண்ணியில புரொஜெக்ட் செய்யிறதெண்டா கிளிநொச்சியில இருந்து வந்து போகலாம், அது வசதிதான் பிள்ளை

தங்கச்சி: அப்ப பேராதனை, யாழ்ப்பாணம், மொறட்டுவ, ருகுணு. அம்மா காலிக்கும் ஓம் எண்டிட்டா 🙏

காலி அண்ணா: நல்லது. ஒவ்வொரு கோர்ஸின்ர கோட் நம்பரையும் கம்பஸ் அனுமதிக் கைநூலோட ஒத்துப் பாத்திட்டு எனக்கு ஸ்கிரீன்ஷொட் போடு, பிறகு சப்மிட் பண்ணு