"கடைசி ரெண்டு பீஸ்தான்": ஆன்லைன் விற்பனையில் இன்னும் உறுத்துகிற அனுபவம் எது?

தறிவீடு:
இளம்பிள்ளையில் நானும் அக்காவும் இன்ஸ்டாவில் சேலை லைவ் போடுகிறோம். விற்பனை ஏறவில்லை என்று ஒரு தம்பியிடம் யோசனை கேட்டோம். "எதை எடுத்தாலும் கடைசி ரெண்டு பீஸ்னு சொல்லுங்கக்கா" என்றார். சொன்னோம். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சாஃப்ட் சில்க், மேசைக்குக் கீழே அதே சேலை ஒரு கட்டு இருந்தது. அன்றைக்கு நன்றாக ஓடியது. அடுத்த வாரம் அக்கா அதையே எடுத்து விரித்தபோது ஒரு கமென்ட்: "அன்னைக்கே முடிஞ்சிருச்சுன்னீங்களேம்மா, மகளுக்குக் கிடைக்காமப் போயிடக் கூடாதுன்னு சீட்டுப் பணத்தை எடுத்துல்ல வாங்குனேன்." அக்கா முந்தானையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். நான்தான் கேமராவை வேறு பக்கம் திருப்பினேன். அந்த அம்மாவுக்கு இன்றுவரை பதில் எழுதவில்லை.

கடலோரம்:
எனக்கு டைமர். குழந்தைக்குத் தோல் வறட்சி. ராத்திரி பதினோரு மணி, மடியில் தூங்குகிறாள். ஒரு கிரீம் விளம்பரம், "இந்த விலை இன்னும் 9 நிமிடம்தான்" என்று சிவப்பில் ஓடுகிறது. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றுகூடப் படிக்காமல் 1,299 ரூபாய் கட்டினேன். அப்புறம் வீட்டுக்காரர் போனில் அதே பக்கத்தைத் திறந்தால் 15 நிமிடத்திலிருந்து ஓடுகிறது. மூடித் திறந்தேன், மறுபடியும் 15. காசு போனால் போகட்டும். பிள்ளை மேல் தடவுவதைப் படிக்காமல் வாங்கினேனே.

பழைய ஏஜென்சிக்காரன்:
தறிவீடு அக்கா, அந்தத் தம்பி சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. உண்மையிலேயே ரெண்டு பீஸ்தான் இருந்தால் அதைச் சொல்வது வாங்குகிறவருக்கு நல்லது. கட்டைக் கீழே ஒளித்ததுதான் தப்பு. நான் செய்தது இதைவிட மோசம். ஒரு இனிப்புக் கடைக்காக நாலு போனிலிருந்து "அருமை, வாராவாரம் வாங்குறோம்" என்று கமென்ட் போட்டேன். அதில் ஒன்றுக்குக் கீழே ஒருவர் கேட்டார்: "அக்கா, அப்பாவுக்கு சுகர் இருக்கு, இதைக் குடுக்கலாமா?" நான் அக்காவும் இல்லை, அந்த இனிப்பை வாயில் வைத்ததும் இல்லை.

இனி லைவில் ஸ்டாக்கை அப்படியே சொல்லுங்கள். நாற்பது இருந்தால் நாற்பது. கட்டைக் கேமராவில் காட்டுங்கள். சேலை கட்டிய வாடிக்கையாளர் படத்தை அனுமதி கேட்டுப் போடுங்கள், ஒருவர் வாங்கியதைப் பார்த்து இன்னொருவர் வாங்குவது அதிலேயே நடக்கும். யாருக்காவது காசோ இலவசச் சேலையோ கொடுத்து ரீல்ஸ் போடச் சொன்னால் அது விளம்பரம் என்று தெரிய வேண்டும், விளம்பரத் தர கவுன்சில் 2021-லேயே அதற்கு விதி வகுத்துவிட்டது. கடலோரம், உங்கள் டைமர் வெறும் எரிச்சல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் 13 டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குகிறவரை ஏமாற்றும் ஆன்லைன் தந்திரங்களை, பட்டியலிட்டுத் தடை செய்தது, பொய் அவசரம் அதில் ஒன்று. ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள்.

கடலோரம்:
புகார் கொடுக்கிறேன். ஆனால் அண்ணா, அந்த சுகர் கேள்விக்கு என்ன பதில் போட்டீர்கள்?

பழைய ஏஜென்சிக்காரன்:
கமென்டை அழித்துவிட்டேன். அவர் கேள்வியும் அதோடு போய்விட்டது.

தறிவீடு:
அந்த அம்மாவின் நம்பர் ஆர்டரில் இருக்கிறது. நாளைக்கு அக்காவை உட்கார வைத்துக்கொண்டு போன் போடுகிறேன். சேலையைத் திருப்பித் தந்தால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாம் என்று ரெண்டு பேரும் பேசியிருக்கிறோம்.